கடன், பொறை, ஒப்புரவு: தென்பாண்டிக் கிறித்தவத்தில் மன்னிப்பு என்னும் கருத்தின் வளர்ச்சி

ஸ்ரீவில்லிபுத்தூரில் சிறு குழந்தையும் சொல்லும் கதை இது. பெருமாளுக்குக் கட்டிய மாலையை மகள் ஆண்டாள் எடுத்துச் சூடி அழகு பார்க்கிறாள். மாலையில் ஒரு தலைமுடி கிடப்பதைக் கண்டு பெரியாழ்வார் பதறிப்போகிறார். மகளைக் கடிந்துகொண்டு வேறு மாலை கட்டுகிறார். பெருமாளோ அவள் சூடிக் களைந்ததே வேண்டும் என்கிறார். இந்த அன்புக்கு வைணவ ஆசாரியர்கள் இட்ட பெயர் வாத்சல்யம். ஈன்ற பசு, கன்றின் மேலுள்ள அழுக்கை அருவருக்காமல் நக்கித் துடைப்பதை அதற்கு உவமையாகச் சொல்வார்கள். அடியாரின் குற்றத்தையே இறைவன் விரும்பி ஏற்கிறான் என்று தென்கலை மரபு இன்னும் ஒரு படி மேலே போகும்.

இப்படி ஒரு கதையைத் தாலாட்டோடு கேட்டு வளர்ந்த மக்களிடம், பாவ மன்னிப்பைத் தன் மையச் செய்தியாகக் கொண்ட ஒரு சமயம் வந்து எந்தச் சொல்லில் பேசியது? அந்தச் சொற்கள் காலந்தோறும் மாறியபோது கருத்தும் மாறியதா? இக்கட்டுரை பின்தொடர்வது இவ்விரண்டு கேள்விகளையே.

தமிழில் அச்சேறிய முதல் நூல்களுள் ஒன்று மன்னிப்பைப் பற்றியது என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். இயேசு சபைத் துறவி அண்டிரிக் அடிகளார் 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்டார். இரண்டே ஆண்டில், 1580-இல், பாவ அறிக்கைக்கான கையேடு ஒன்றைக் கொச்சியில் வெளியிட்டார். அதன் பெயர் ‘கொம்பெசியோனாயரு’. எழுத்து தமிழ், சொல் போர்த்துகீசியம். முத்துக்குளித்துறை மக்கள் குருவின் காதருகே மண்டியிட்டு எதைச் சொல்ல வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும் என்பதை அது கற்பித்தது. பாவ அறிக்கைக்கு அன்று ஊர்ச்சொல் ஒன்று வாய்க்கவில்லை. பின்னாளில் ‘பாவசங்கீர்த்தனம்’ என்ற வடசொல் நிலைபெற்றது. வைணவன் காதில் ‘சங்கீர்த்தனம்’ என்றால் திருநாமம் பாடுவது. கத்தோலிக்கனுக்கு அது தன் குற்றத்தைத் தானே வாய்விட்டுச் சொல்வது. ஒரே சொல் இரு வேறு வழிபாடுகளுக்குப் பயன்பட்டது.

1606-இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி தத்துவ போதகர் தொடங்கிய மறைப்பணி வழி, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரிசல் காட்டுக் காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய வீரமாமுனிவர் வரை நீண்டது. அந்தக் காலத்துக் கத்தோலிக்க மன்றாட்டில் இடம்பெற்ற வினை ‘பொறுத்தருளும்’. பொறை என்றால் சுமை. பொறுத்தல் என்றால் சுமத்தல். ஒருவனை மன்னிப்பது அவன் குற்றத்தின் பாரத்தைத் தானே தாங்குவது என்ற பொருள் அந்த வினைக்குள்ளேயே இருக்கிறது. வள்ளுவர் பொறையுடைமைக்கு நிலத்தை உவமை காட்டியதும் இதனால்தான்.

சீகன்பால்கின் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1714-15-இல் அச்சானது. பப்ரிசியுசின் மொழிபெயர்ப்பு 1772-இலும், பவர் தலைமையிலான குழுவின் பதிப்பு 1871-இலும் வந்தன. இந்தச் சீர்திருத்தச் சபை மரபு கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் ‘கடன்’ என்ற சொல்லை நிறுத்தியது. மத்தேயு நற்செய்தியின் கிரேக்க மூலத்திலும் கடன் என்பதே சொல் என்பதால், மொழிபெயர்ப்பு நேர்மையானது.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் இச்சொல்லுக்கு வேறொரு கனம் உண்டு. மானாவாரிப் பருத்திக்காரன் விதைப்புக்கு முன்பணம் வாங்குவான். பருத்தி எடுத்த கையோடு கணக்குத் தீர வேண்டும். மழை ஏமாற்றிவிட்டால் பாக்கி வட்டியோடு அடுத்த வருஷத்துக்கு ஏறும். பதினாயிரம் தாலந்து தள்ளுபடி பெற்றவன், வெளியே வந்ததும் நூறு வெள்ளிக்காசுக்காக, அதாவது நூறு நாள் கூலிக்காக, உடன் வேலைக்காரனின் கழுத்தைப் பிடித்த உவமையை இங்கே ஒரு பிரசங்கியார் விளக்க வேண்டியதே இல்லை. கேட்பவர்களில் சிலர் கழுத்தைப் பிடித்திருப்பார்கள், பலர் பிடிபட்டிருப்பார்கள்.

அந்தச் செய்தியை இவ்வட்டாரத்துத் தெருக்களுக்குக் கொண்டுவந்தது ‘வட திருநெல்வேலி சுற்றுப்பயண ஊழியம்’. ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டம் அப்போது திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தது. 1910-இல்தான் புதிய இராமநாதபுரம் ஜில்லாவுக்கு மாறியது. கேம்பிரிட்ஜில் கணிதத்தில் நான்காம் இடம் பெற்றுத் தேறிய ராக்லண்ட், சென்னையில் சி.எம்.எஸ். மிஷனரிச் சங்கத்தின் செயலர் பொறுப்பை விட்டுவிட்டு, 1854-இல் பென், மெடோஸ் ஆகிய இருவரோடு இந்தப் பக்கம் வந்தார். பங்களா கட்டிக்கொள்ளவில்லை, கூடாரம்தான். ஓர் ஊரில் சில நாள், பிறகு அடுத்த ஊர். 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் இறந்தபோது அவருக்கு வயது 43. கண்ணுக்குத் தெரிந்த பலன் மிகக் குறைவு.

ஆனால் இந்த ஊழியத்தில் ராக்லண்டைவிட முக்கியமானவர்கள் தெற்கத்திச் சபைகள் தங்கள் செலவில் முறைவைத்து அனுப்பிய உபதேசியார்கள் என்பது என் கணிப்பு. மன்னிப்பு என்பது அவர்கள் வாயில்தான் புத்தகத் தமிழை விட்டு வீட்டுத் தமிழுக்கு இறங்கியிருக்க வேண்டும்.

கருத்தளவில் பெரிய திருப்பம் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையிடம் நிகழ்ந்தது. நெல்லைக் கரையிருப்பில் 1827-இல் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். கம்பனிலும் ஆழ்வார்களிலும் தோய்ந்தவர். 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றவர். ஜான் பனியனின் 1678-ஆம் ஆண்டு நூலைத் தழுவி அவர் பாடிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894-இல் நூலாயிற்று. 3,766 பாடல்கள், ஐந்து பருவங்கள்.

பனியனின் பயணி சிலுவையைக் கண்டதும் அவன் முதுகுச் சுமை கழன்று உருண்டுவிடுகிறது. காட்சி சட்டென்று முடிந்துவிடும். கிருஷ்ண பிள்ளைக்கு அது போதவில்லை. குமார பருவத்தில் இரட்சணிய சரிதப் படலம் என்று தனியே வைத்து, கட்டுண்டு, இகழப்பட்டு, துப்பப்பட்டு நின்றவரின் மௌனத்தை நின்று நிதானமாகப் பாடுகிறார். சுமை விழுந்தால் போதுமா, அதை எடுத்தவர் யார் என்று கேட்கும் மனம் அது. ‘பொறை’ என்ற பழஞ்சொல்லின் இரு பொருளும், சுமையும் பொறுமையும், இங்கே ஓர் ஆளிடம் கூடுகின்றன.

வாத்சல்யத்தை அவர் அப்படியே எடுத்துக்கொண்டார் என்று சொல்வது பிழை. ஆண்டாள் கதையில் இறைவன் குற்றத்தைக் குற்றமாகவே காண்பதில்லை. அது அவனுக்கு மணமாகிவிடுகிறது. சிலுவையில் குற்றம் குற்றமாகவே எஞ்சுகிறது. அதன் விலையைக் குற்றமற்றவர் கொடுக்கிறார். இந்த வேறுபாட்டை மழுப்பினால் இரு மரபுக்கும் அநியாயம். ஆனால் கடவுளைக் கணக்குப்பிள்ளையாக அல்ல, கன்றைத் தேடும் பசுவாக எண்ணப் பழகிய நெஞ்சு ஒன்று அவருக்கு முன்பே இருந்தது. அந்த நெஞ்சு இல்லாமல் இந்தக் காவியம் பிறந்திருக்காது. பாளையங்கோட்டையில் பிறந்த ஏ.ஜே. அப்பாசாமி 1927-இல் கிறித்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கி நூல் எழுதியதும், பின்னர் கிருஷ்ண பிள்ளையின் வாழ்க்கையை எழுதியதும் இந்தக் கோட்டின் தொடர்ச்சியே.

இறைவன் மன்னிப்பதைப் பாட முடிந்த தமிழ்ச் சபைகள், அயலானை மன்னிப்பதில் தடுமாறின. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் ஒரே கோயிலுக்குள் சாதி பார்த்து எழுப்பிய பிரிவுச் சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. அதுவரை இரு பக்கத்தாரும் ஒரே மன்றாட்டை, பொறுக்கும் அந்த வினையோடு, சுவருக்கு இப்புறமும் அப்புறமும் நின்று சொல்லிவந்தார்கள். மிதிபட்டவனிடம் ‘மன்னித்துவிடு’ என்று சொல்லிவிட்டு மிதித்த காலை எடுக்காமல் இருப்பது மன்னிப்பல்ல. இதை நம் சபை வரலாறுகள் இன்னும் போதிய அளவு எழுதவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் மாற்றம் இந்தக் குறையை நோக்கியே வந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் 1973-இல் பாவ அறிக்கைச் சடங்கு திருத்தப்பட்டது. தமிழில் பாவசங்கீர்த்தனம் என்ற பெயர் மெல்ல மறைந்து, ‘ஒப்புரவு அருட்சாதனம்’ வந்தது. குறளின் ஓர் அதிகாரப் பெயரிலுள்ள சொல்; ஊரோடு ஒத்து வாழ்வது அதன் பொருள். காதோரம் தொடங்கிய மன்னிப்பு ஊர் நடுவுக்கு வந்திருக்கிறது.

சீர்திருத்தச் சபைகளின் பக்கத்தில், தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று உருவானது. அதன் 1950-ஆம் ஆண்டு திருவிருந்து ஆராதனை முறை, சிரியன் மரபிலிருந்து ஒரு பழைய வழக்கத்தை மீட்டெடுத்தது. இன்று ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அந்த முறைப்படி ஆராதனை நடக்கும்போது அதைக் காணலாம். ஆயர் தம் கைகளுக்குள் ஒருவரின் கையைப் பொதிந்து சமாதானம் கொடுக்கிறார். அவர் அடுத்தவருக்கு, அடுத்தவர் பின்வரிசைக்கு. நெசவுத்தறி பிடித்துக் காய்த்த கையும் மில்லில் பஞ்சு படிந்த கையும் ஒன்றுக்குள் ஒன்று போகின்றன. பேசாதிருந்த பங்காளிகள் பக்கத்தில் நின்றால் கையை நீட்டித்தான் ஆக வேண்டும். சகோதரனோடு மனத்தாங்கல் இருந்தால் பலியை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாக வேண்டும் என்ற நற்செய்தி வாக்கின்படி, இந்தச் சமாதானம் முடிந்த பிறகே காணிக்கை எடுக்கப்படுகிறது.