சாத்தான்குளம் வட்டாரப் பள்ளிக்கல்வி

தூத்துக்குடி மாவட்டத்தின் தென்மேற்கில் உள்ள சாத்தான்குளம், 1986இல் மாவட்டம் பிரியும்வரை திருநெல்வேலியைச் சேர்ந்திருந்தது. தாமிரபரணிப் பாசன வயல்கள் வடக்கே நின்றுவிடுகின்றன. இந்தப் பக்கம் செம்மண் தேரியும் பனையும்தான். பிள்ளைகளின் படிப்பையும் பனையே தீர்மானித்தது. பதநீர் இறங்கும் மாதங்களில் அப்பா மரத்தில், அம்மா விடிலிக் குடிசையில் கருப்பட்டி காய்ச்சிக்கொண்டிருப்பார். சுள்ளி பொறுக்கவும் கைக்குழந்தையைப் பார்க்கவும் மூத்த பெண்பிள்ளையை நிறுத்திக்கொள்வார்கள். வீட்டில் படிப்பின்மேல் வெறுப்பில்லை, ஆள்தான் போதவில்லை.

இந்தக் குடும்பங்களுக்கு எழுத்தறிவு பெரும்பாலும் மிஷன் பள்ளிகள் வழியே வந்தது. 1799இல் உருவான முதலூர் இவ்வட்டாரத்தின் பழைய கிறிஸ்தவக் குடியிருப்பு. 1841இல் இடையன்குடிக்கு வந்த மிஷனரி கால்டுவெல்லின் மனைவி எலைசா அங்கே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். வேதம் வாசிக்க வைப்பதே மிஷனின் நோக்கம் என்றாலும், சாதியால் திண்ணைப் பள்ளிக்கு வெளியே நின்றவர்களின் கைக்கு ஏடு வந்தது பெரிய காரியம். ‘டி.டி.டி.ஏ. பள்ளி’ என்று ஊரார் சொல்லும் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகள் அந்த மரபில் வந்தவை.

பள்ளி வந்தபின்னும் பசி போகவில்லை. காமராசர் ஆட்சியின் மதிய உணவுத் திட்டம் 1956இல், அன்று இதே திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த எட்டயபுரத்தில், ஊர்மக்கள் நன்கொடையை நம்பித் தொடங்கியது. எம்.ஜி.ஆர். 1982இல் அதைச் சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது அது அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு மட்டுமே கிடைத்தது. ஊரகத்தின் உதவிபெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலையில்தான் வந்தது. ஏழைப் பிள்ளைகள் பலர் உதவிபெறும் பள்ளியில் படிக்கும் இந்த வட்டாரத்துக்கு அந்தத் தாமதம் நியாயமில்லாதது.

பசி தீர்ந்தால் மட்டும் படிப்பு வந்துவிடாது. மூன்றாம் வகுப்புக்குள் வாசிக்கவும் கணக்குப் போடவும் வைக்க ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022இல் தொடங்கப்பட்டது.

பிழைப்புக்காகச் சென்னைக்கும் மும்பைக்கும் குடும்பங்கள் போய்விட, சிற்றூர்ப் பள்ளிகளில் இன்று பிள்ளைகள் குறைவு. பத்துப் பேர்தானே என்று ஒரு பள்ளியை மூடினால், அந்தப் பத்துப் பேரும் தேரி வெயிலில் அடுத்த ஊருக்கு நடக்க வேண்டும். தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தையொட்டி வந்த விதி. அதிகாரிகள் பதிவேட்டை மூடுமுன் அந்த வழியை ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும்.