சீட்டுக்கு எழுந்த சீற்றம்

பள்ளியிற் சேர வந்த பிள்ளையிடம், “எங்கே சீட்டு?” வேலை கேட்டு வந்தவனிடம், “எங்கே சீட்டு?” மணம் முடிக்க வந்த இணையரிடமும் அதே கேள்வி! விடுதியில் ஓரிரவு தங்கவும் அம்மை குத்திக் கொண்டதற்கு அத்தாட்சி வேண்டும். 1904 நவம்பர் 9ஆம் நாள், அன்று பிரேசிலின் தலைநகராயிருந்த ரியோ டி ஜெனிரோவில் ஏடொன்று அம்பலப்படுத்திய வரைவு விதிகள் இவை. மறுநாளே தெரு கொந்தளித்தது.

விதி வகுத்தவர் வீணரல்லர். பாரிசில் பாஸ்டர் நிலையத்தில் பயின்று திரும்பிய மேதை, ஓஸ்வால்டோ குரூஸ். அவர் சொன்ன மருத்துவத்தில் மாசில்லை. ஆனால், அந்த மருத்துவத்தோடு வாயிற்படி ஏறி வந்தவன் யார்? போலீசுக்காரன்! நகரை அழகுபடுத்துவதாகக் கூறி, ஏழையர் குடியிருப்புகளை இடித்துத் தள்ளிக் கொண்டிருந்த காலம் அது. அடிமைத்தளை அறுந்து 16 ஆண்டுகளே ஆன மக்கள் அதிலே பலர். நேற்று வீட்டை இடித்த அரசு, இன்று மகளின் கையைப் பற்றிக் கீற வருகிறது என்றால், அதனை மருந்தென்றா எண்ணுவர்?

மூட நம்பிக்கை இல்லாமலில்லை. இங்கே மாரியாத்தா, அங்கே ஆப்பிரிக்க வழி வந்தோர்க்கு ஒமொலு என்றோர் அம்மைத் தெய்வம். ஆயினும், அறிவியலையே சமயமாகக் கொண்ட பாசிட்டிவிஸ்டுகளும் அன்று கட்டாயத்தை எதிர்த்தனர். நமக்குக் கசக்கிறது என்பதற்காக இதை மறைத்துப் பேசுவது நேர்மையன்று.

டிராம் வண்டிகள் கவிழ்ந்தன, தெருவிளக்குகள் நொறுங்கின, தடுப்பரண்கள் எழுந்தன. 14ஆம் நாள் படைப்பள்ளி மாணவரும் கிளர்ந்தனர். 16ஆம் நாள் நெருக்கடி நிலை, கட்டாயமும் கைவிடப்பட்டது. மாண்டோர் 30. காயமுற்றோர் 110. சிறைப்பட்டோர் 945, அவருள் 461 பேர் தொலைவிலுள்ள அக்ரே காட்டுப்புறத்துக்குக் கடத்தப்பட்டனர்.

வென்றது மக்களா? 1908இல் பெரியம்மை திரும்பிற்று. ரியோவில் மட்டும் 6,000 பேருக்கு மேல் பிணமாயினர். அப்போது எந்தச் சட்டமும் இழுக்காமலே, மக்கள் தாமாகத் தேடிச் சென்று குத்திக் கொண்டனர். அமெரிக்கக் கண்டங்களின் கடைசிப் பெரியம்மை நோயாளி 1971இல் அதே பிரேசிலிலேதான் காணப்பட்டார்.

கொரோனாக் காலத்தில் அந்நாட்டின் சீட்டு கைப்பேசிக்குள் புகுந்தது. வெளிநாட்டிலிருந்து வருவோர் சான்று காட்டும் விதி, 2021 டிசம்பர் 11ஆம் நாள் தொடங்குவதாயிருந்தது. முந்திய நாள், கணினிக் கள்வர் நலவாழ்வு அமைச்சகத்தில் புகுந்தனர். ‘கொனெக்டெ சூஸ்’ செயலி செயலற்றது; விதி ஒரு வாரம் தள்ளிப் போயிற்று. ஊசி உடலில் இருந்தது. சான்று மட்டும் இல்லை! ஊசி போட்ட இடத்தில் எழுதிக் கொடுத்த அட்டையைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தவன், அதை எடுத்து நீட்டினான்.