இன்ஸ்பெக்ஷன் கேமரா: வீடு, வாகனப் பழுதுகளைக் கண்டறிவது எப்படி?

உத்தராகண்டின் சில்க்யாரா சுரங்கப்பாதையில் 2023 நவம்பர் 12-ஆம் தேதி சிக்கிய 41 தொழிலாளர்களை, 6 அங்குலக் குழாய் வழியே செலுத்தப்பட்ட எண்டோஸ்கோபி கேமராதான் முதலில் காட்டியது. 17-ஆம் நாளில் அனைவரும் மீட்கப்பட்டனர்.

இவ்வகைச் சிறு கேமராக்கள் வீடு, வாகனப் பழுதுகளைக் கண்டறியவும் உதவுகின்றன. வளையும் கேபிளின் முனையில் லென்ஸும் எல்இடி விளக்குகளும் இருக்கும். காட்சி கைப்பேசித் திரையில் தெரியும். கழிவுநீர்க் குழாயின் அடைப்பைத் தரையை உடைக்காமலே காணலாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியே சிலிண்டர் சுவரின் கீறல்களை ஆராயலாம்.

எஞ்சின் முழுமையாகக் குளிர்ந்த பின்னரே கேமராவைச் செலுத்த வேண்டும். உள்ளே இருக்கும்போது எஞ்சினை இயக்கக் கூடாது. சுவருக்குள் செலுத்தும் முன் மெயின் சுவிட்சை அணைப்பது அவசியம். உலோக முனை மின்கம்பியில் பட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம்.