நிலத்தடித் தீயும் கிணற்று நீரும்

நிலக்கரி வேண்டுமானால் சுரங்கம் தோண்ட வேண்டும். சுரங்கத்தினுள் மனிதர் இறங்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாமல், கரியை அது கிடக்கும் இடத்திலேயே எரித்து, வாயுவாக மாற்றிக் குழாய் வழியே மேலே கொண்டுவர முடியாதா? இந்தக் கேள்வி மிகப் பழையது. 1868ஆம் ஆண்டில் வில்லியம் சீமென்ஸ் இதனை எழுப்பினார். 1888இல், தனிம அட்டவணையைத் தந்த ரஷ்ய அறிஞர் மெண்டலீவ் இதையே வலியுறுத்தினார். 1912இல் இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில் சர் வில்லியம் ராம்சே சோதனைக்குத் திட்டமிட்டார். முதல் உலகப் போர் குறுக்கிட்டது. 1916இல் ராம்சேயும் மறைந்தார். பின்னர் சோவியத் நாட்டில் 1930களில் சோதனைகள் தொடங்கின. உஸ்பெகிஸ்தானில் உள்ள அங்கிரென் நிலையம் 1961இல் வாயு தரத் தொடங்கியது.

வாயு கிடைக்குமா என்பதே இவர்கள் அனைவரின் கேள்வி. அருகிலுள்ள கிணற்று நீர் என்னவாகும் என்ற கேள்விக்கு விடை தேடியதில் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் உள்ள ஒரு சிறு ஆய்வுத் தளத்திற்குப் பெரும் பங்கு உண்டு. அதன் பெயர் ஹோ கிரீக்.

தீ எரியும் விதம்

முறை எளியது. நிலக்கரிப் படுகை வரையில் இரண்டு துளைகள் இடுவர். ஒன்றின் வழியே காற்றையோ, ஆக்சிஜனும் நீராவியும் சேர்ந்த கலவையையோ செலுத்தித் தீ மூட்டுவர். கரி முழுதும் எரியாமல், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன், மீத்தேன் ஆகிய எரிவாயுக்களைத் தரும். அவை மற்றத் துளை வழியே மேலே வரும். கரி எரிந்த இடத்தில் ஒரு குகை உண்டாகும்.

ஆனால், வெப்பமேறிய கரியிலிருந்து தாரும் வடிகிறது. அதனுடன் பீனால், பென்சீன், நாப்தலீன், அம்மோனியா போன்றவையும் பிறக்கின்றன. தரைமேல் உள்ள தொழிற்சாலையில் இவற்றைக் கலங்களில் பிடித்து அகற்றலாம். நிலத்தடியிலோ பாறையே கலம். அந்தக் கலத்தில் விரிசல்கள் உண்டு. போதாக்குறைக்கு, வயோமிங்கில் நிலக்கரிப் படுகைகளே நீர் தாங்கும் படுகைகளாகவும் இருக்கின்றன.

மூன்று சோதனைகள்

1973இல் எண்ணெய் நெருக்கடி தோன்றியதும் அமெரிக்க அரசு மாற்று எரிபொருள்களை நாடியது. கில்லெட் நகரை அடுத்த ஹோ கிரீக்கில், லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தினர் 1976, 1977, 1979 ஆகிய ஆண்டுகளில் மூன்று சோதனைகள் நடத்தினர். முதல் சோதனை பதினொரு நாள் நடந்தது. மற்ற இரண்டும் ஏறத்தாழ இரண்டிரண்டு மாதம் நீடித்தன. தரையிலிருந்து சுமார் 40 மீட்டர் ஆழத்தில் இருந்த ஃபெலிக்ஸ் இரண்டாம் படுகையில் தீ மூட்டப்பட்டது. அதற்குச் சில மீட்டர் மேலே ஃபெலிக்ஸ் முதல் படுகை. அதற்கும் மேலே மணற்படுகை. மூன்றிலும் நீர் இருந்தது.

இவர்கள் செய்த ஒரு நற்செயல், தீ மூட்டுமுன்பே கண்காணிப்புக் கிணறுகள் அமைத்து நீர் மாதிரிகளை எடுத்து ஆராய்ந்தது. முன்னிலை தெரியாவிட்டால் பின்னர் வந்த மாற்றத்தை எதனோடு ஒப்பிடுவது? காய்ச்சல் கண்டவனின் இயல்பான வெப்பநிலை தெரிந்தால்தானே காய்ச்சலின் அளவு தெரியும்!

தீ அணைந்தபின் கிணறுகள் பேசத் தொடங்கின. குகையை ஒட்டிய நீரில் பீனால் மிகுதியாக இருந்தது. தொடக்கத்தில் அதன் செறிவு விரைந்து குறைந்ததால் நம்பிக்கை பிறந்தது. எரியாத கரி அப்பொருள்களைத் தன் பரப்பில் ஈர்த்துக்கொள்ளும் என்றும் எதிர்பார்த்தனர். ஆனால் பெரிய சோதனைகளுக்குப் பின் நிலைமை மாறியது. குகையின் கூரை இடிந்து, மேலிருந்த நீர்ப் படுகைகளோடு கீழ்ப் படுகை இணைந்துவிட்டது. தனித்தனியே இருந்த மூன்று நீர்நிலைகள் ஒன்றாயின. மூன்றாம் சோதனைத் தளத்தில் தரையே உள்வாங்கியது.

அழுத்தம் கற்பித்த பாடம்

மாசு எவ்வாறு வெளியேறியது? இதில் பள்ளி மாணவரும் அறிந்த விதி ஒன்று அடங்கியுள்ளது. பத்து மீட்டர் உயர நீர், ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தத்தைத் தரும். குகைக்கு மேல் 30 மீட்டர் நீர் நின்றால், சுற்றிலுமுள்ள நீர் சுமார் மூன்று வளிமண்டல அழுத்தத்தோடு குகையை நோக்கி நெருக்கும். குகையின் வாயு அழுத்தம் இதைவிடக் குறைவாக இருந்தால் நீர் உள்ளே கசியும், மாசு வெளியேறாது. வாயு அழுத்தம் மிகுந்தாலோ, வாயு பாறை விரிசல்களில் புகுந்து, தன்னோடு தாரின் ஆவிகளையும் வெளியே தள்ளிவிடும். குளிர்ந்த பாறையில் அவை படிந்து நீரில் கரையும். ஹோ கிரீக்கில் நேர்ந்தது இதுதான். தீக்குச் சுற்றிலும் உள்ள நீரே காவல்; காவலனை விரட்டினால் மாசு வெளியேறும்.

இப்பாடம் 1987 இறுதியில் வயோமிங்கின் ஹானா நகருக்கு அருகே பயன்பட்டது. அங்கு 'ராக்கி மவுண்டன் ஒன்று' என்னும் சோதனை, சுமார் 110 மீட்டர் ஆழத்தில் 1988 தொடக்கம் வரை நடந்தது. குகையின் அழுத்தத்தைச் சுற்றுநீரின் அழுத்தத்திற்குக் கீழேயே வைத்தனர். முடிவில் நீராவி செலுத்திக் குகையைக் கழுவினர். எஞ்சிய மாசு நீரை மேலே இறைத்துத் தூய்மை செய்தனர். நிலத்தடி நீருக்கு நேர்ந்த பாதிப்பு மிகக் குறைவாகவே இருந்தது.

ஹோ கிரீக்கில் எரிந்தது சில மாதங்களே. துப்புரவுப் பணியோ பல ஆண்டுகள் நீண்டது. 1980களில் நீரை இறைத்துச் செயலூட்டிய கரியால் வடிகட்டினர். பின்னர் நிலத்தடிக்குக் காற்றைச் செலுத்தி, பென்சீனைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருக வழி செய்தனர். குடிநீரில் பென்சீன் ஒரு லிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்று அமெரிக்க அரசு 1987இல் விதித்தது. அதாவது, இருநூறு டன் நீரில் ஒரு கிராம்! கண்ணுக்கோ நாவுக்கோ எட்டாத இந்த அளவைக் கருவிகளே காட்ட வேண்டும்.

பாடம் ஒருமுறை கிடைத்தால் எல்லோரும் கற்றுக்கொள்வார்கள் என்பதில்லை. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் இதே தொழிலில் ஈடுபட்ட ஒரு நிறுவனம், அளவுக்கு மீறிய அழுத்தத்தால் நிலத்தடியில் வாயுவும் மாசும் கசிய விட்டதற்காக, 2018இல் 45 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் தண்டம் பெற்றது. 2016இலேயே அம்மாநில அரசு இத்தொழிலுக்குத் தடை அறிவித்திருந்தது. ஹோ கிரீக்கின் கிணறுகள் இதே அபாயத்தை முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே கூறியிருந்தன.

நம் நாட்டிலும் ஜார்க்கண்ட் மாநிலத்தின் காஸ்தா என்னுமிடத்தில் இத்தகைய முன்னோடித் திட்டத்தின் ஆய்வுப் பணி 2024இல் தொடங்கியது. அங்கு முதலில் தோண்ட வேண்டியவை வாயுக் கிணறுகள் அல்ல, நீரைக் கண்காணிக்கும் கிணறுகளே. தீ மூட்டுமுன் நீரை அறிய வேண்டும். எரியும்போது அழுத்தத்தைக் காக்க வேண்டும். அணைந்த பின்னும் ஆண்டுக்கணக்கில் மாதிரி எடுக்க வேண்டும். எரிவாயு இன்று கிடைத்து இன்றே தீர்ந்துபோகும். கிணற்று நீரோ நம் பேரப்பிள்ளைகளுக்கும் வேண்டும்.