நட்பும் நீதியும்: பாலஸ்தீனப் பிரச்சினையில் இந்தியா கடந்து வந்த பாதை

நெருங்கிய நட்பு ஒரு வல்லரசின் கைகளையே கட்டிப்போடக்கூடும் என்பதற்கு அமெரிக்க - இஸ்ரேல் உறவு சான்றாகும். 1948 மே 14 அன்று இஸ்ரேல் அறிவிக்கப்பட்ட சில நிமிடங்களிலேயே அதிபர் ட்ரூமன் அதனை அங்கீகரித்தார். அவருடைய வெளியுறவு அமைச்சர் மார்ஷல் அதற்கு உடன்படவில்லை. அரபு நாடுகளின் பகைக்கும் எண்ணெய் இழப்புக்கும் அத்துறை அஞ்சியது. 1973 போரின்போது அமெரிக்கா இஸ்ரேலுக்கு ஆயுதம் அளிக்கவே, அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் தர மறுத்தன. சில மாதங்களில் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. அவ்விலையேற்றம் இந்தியாவையும் வாட்டியது.

நம் நாட்டின் தொடக்க நிலைப்பாடு வேறு. 1938 நவம்பரில் 'ஹரிஜன்' இதழில் எழுதிய காந்தியடிகள், ஜெர்மனியில் யூதர்கள் பட்ட கொடுமையைக் கண்டித்தார்; அதே வேளையில், அரபு மக்களின் மண்ணை அவர்கள் விருப்பத்திற்கு மாறாகப் பிறர்க்கு அளிப்பது நீதியன்று என்றும் கூறினார். 1947-இல் ஐ.நா. அமைத்த பாலஸ்தீனக் குழுவில் இந்தியாவின் சார்பில் இடம்பெற்ற நீதிபதி அப்துர் ரஹ்மான், பிரிவினைக்கு மாற்றாகக் கூட்டாட்சித் திட்டத்தை ஆதரித்தார். அவ்வாண்டு நவம்பர் 29 அன்று பிரிவினைத் தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்த 13 நாடுகளுள் இந்தியாவும் ஒன்று.

1950-இல் இந்தியா இஸ்ரேலை அங்கீகரித்தது. எனினும் முழுத் தூதரக உறவுக்கு 1992 ஜனவரி வரை, நரசிம்மராவ் ஆட்சிக்காலம் வரை, காத்திருந்தது. இடைப்பட்ட காலத்தில், 1974-இல் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தை ஏற்ற முதல் அரபு அல்லாத நாடு என்னும் பெயரையும், 1988-இல் பாலஸ்தீன அரசைத் தொடக்கத்திலேயே அங்கீகரித்த நாடுகளுள் ஒன்று என்னும் பெயரையும் பெற்றது.

1999 கார்கில் போரில் இஸ்ரேல் தந்த ஆயுத உதவியால் உறவு இறுகியது. பின்னர் அந்நாட்டின் ஆயுதங்களை மிகுதியாக வாங்கும் நாடுகளின் முன்வரிசைக்கு இந்தியா வந்தது. 2017 ஜூலையில் இந்தியப் பிரதமர் ஒருவர் முதன்முறையாக இஸ்ரேல் சென்றார். எனினும் அதே ஆண்டு டிசம்பரில், ஜெருசலேமைத் தலைநகராக ஏற்ற அமெரிக்க அறிவிப்புக்கு எதிரான ஐ.நா. தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது. நட்பு நாட்டிடமும் 'இது முறையன்று' எனக் கூற இயலும் என்பதற்கு இதுவே சான்று.

2023 அக்டோபர் 7 அன்று இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டனர். அதன்பின் காஸாவில் பல்லாயிரக்கணக்கானோர் மாண்டனர். இச்சோதனையில் இந்தியாவின் வாக்குகள் தடுமாறின. அக்டோபர் 27-இல் போர்நிறுத்தத் தீர்மானத்தில் வாக்களியாது ஒதுங்கியது, டிசம்பரில் ஆதரித்தது, 2025 ஜூனில் மீண்டும் ஒதுங்கியது, செப்டம்பரில் இரு நாடுகள் தீர்வை வலியுறுத்திய தீர்மானத்தை ஆதரித்தது.

இது எங்கோ நடக்கும் சச்சரவு எனக் கருதுதல் தவறு. வளைகுடா நாடுகளில் ஏறத்தாழ 90 லட்சம் இந்தியர் வாழ்கின்றனர். அவர்களுள் நம் உறவினரும் உளர். செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, ஐரோப்பா செல்லும் சரக்குகள் ஆப்பிரிக்காவைச் சுற்றிச் செல்ல நேர்ந்தது. ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலைப் போல ஐரோப்பியச் சந்தையை நம்பிய தொழில்கள் யாவற்றுக்கும் அது சுமையே.

ஆயுதம் வாங்குவதும் வேளாண் நுட்பம் கற்பதும் ஒரு நாட்டின் உரிமை. ஆனால் வாங்குவோர் வாய்மூடி இருக்க வேண்டும் என்பது எந்த ஒப்பந்தத்திலும் விதியாகலாகாது. நண்பனின் தவற்றை அவன் முகத்திற்கு நேரே எடுத்துரைக்கும் துணிவு 2017 டிசம்பரில் நம் நாட்டிடம் இருந்தது. அத்துணிவை எக்காலத்தும் காக்குமாறு, குடிமக்கள் என்ற முறையில், அறவழியில் நம் பிரதிநிதிகளிடம் வலியுறுத்துவது நம் கடமையாகும்.