மயிலாப்பூர் சரக்கும் பிரஸ்ஸல்ஸ் மாத்திரையும்

தீபாவளி நெருங்கினால் மயிலாப்பூர் கச்சேரி சாலையிலுள்ள டப்பா செட்டி கடையில் கூட்டம் நெரியும். லேகியப் பொடி முதல் பிள்ளை பெற்றவளுக்கான மருந்துச் சரக்கு வரை விற்கும் இந்த நாட்டு மருந்துக் கடை நூறாண்டைத் தாண்டியது. 1905இல் வி. கிருஷ்ணசாமி ஐயர் இதே மயிலாப்பூரில் வேங்கடரமணா ஆயுர்வேத வைத்தியசாலையை நிறுவினார். 1944இல் வைத்தியர்களின் கூட்டுறவு நிறுவனமான இம்காப்ஸ் பிறந்தது.

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்துக்குள் சித்த, ஆயுர்வேத மருந்துகள் நுழைந்தது 1964 திருத்தத்தில்தான். ஊட்டச்சத்து மாத்திரைகளுக்கான தனி விதிகள் 2016இல் வந்தன.

இதற்கிடையே பிரஸ்ஸல்ஸ் நகரம் ஒரு பாடம் கற்றது. 1990களின் தொடக்கத்தில், உடல் இளைக்கச் சீன மூலிகை மாத்திரை விழுங்கிய பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் சுருங்கிச் செயலிழந்தது. பாதிக்கப்பட்டோர் 100 பேருக்கு மேல். சேர்க்கவேண்டிய மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா பேரினத்துச் செடி ஒன்று கலந்திருந்தது. அதிலுள்ள அமிலம் சிறுநீரக நுண்குழாய்களைச் சிதைக்கும். சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும்.

பூச்சிக்கும் விஷக்கடிக்கும் நம் வைத்தியத்தில் பேர்போன ஆடுதின்னாப்பாளையும் ஈசுவரமூலியும் அதே பேரினம்தான். இரண்டிலும் அந்த அமிலம் உண்டு. இப்பேரினச் செடிகள் சேர்ந்த மூலிகை மருந்துகள் புற்றுநோய் தருபவை என 2002இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது.