பாறை போட்ட வேடங்கள்: பெங்களூரைச் சுற்றிய நிலமும் திரைப்படம் அதற்குக் கொடுத்த பொருளும் (1972–2024)

பெங்களூரிலிருந்து மைசூர்ச் சாலையில் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் போனால் ராமநகரம். ஊரைச் சூழ்ந்து நிற்கும் குன்றுகளைப் புவியியலாளர்கள் ‘குளோஸ்பேட்டை கிரானைட்’ என்கிறார்கள். பாரி குளோஸ் என்ற ஆங்கிலேய அதிகாரியை ஒட்டி ஊருக்கு வழங்கிய பழைய பெயர் அது. ஊர் பெயரை மாற்றிக்கொண்டது, பாறை மாற்றிக்கொள்ளவில்லை. அதன் வயது சுமார் 250 கோடி ஆண்டு. அந்தக் கணக்கில் நேற்றைய பொழுது என்று சொல்லத்தக்க 1973க்கும் 1984க்கும் இடையில், இந்தப் பாறை இரண்டு முறை வட இந்தியாவாக நடித்துவிட்டது. முதல் முறை கொள்ளையர் நாடாக, இரண்டாம் முறை பீகாரின் குகைக் குன்றாக.

பெங்களூருக்கு எட்டிய தொலைவில் உள்ள மூன்று நிலங்கள், அதாவது சித்ரதுர்கா, ராமநகரம் வட்டாரம், கோலார் தங்கவயல், திரையில் என்னென்ன பொருள் பெற்றன என்பதைக் கால வரிசையில் பார்ப்பது இக்கட்டுரையின் வேலை. திரையில் ஓர் இடத்தின் பொருளை அந்த இடம் தீர்மானிப்பதில்லை என்பது என் வாதம். அதற்கு முன்னும் பின்னும் ஒட்டப்படும் காட்சிகள் பாதியைத் தீர்மானிக்கின்றன. மீதியை, பார்ப்பவர் எங்கிருந்து, எந்த மொழிக்குள் இருந்து பார்க்கிறார் என்பது தீர்மானிக்கிறது.

முதல் பாதியை நூறாண்டுக்கு முன்பே ரஷ்ய இயக்குநர் லெவ் குலஷோவ் சோதித்துப் பார்த்தார். ஒரே நடிகரின் சலனமற்ற முகத்தை ஒரு கிண்ணம் சூப்போடும், சவப்பெட்டியோடும், ஒரு பெண்ணோடும் மாற்றி மாற்றி ஒட்டினார். பார்த்தவர்கள் அதே முகத்தில் பசியையும் துயரத்தையும் ஆசையையும் கண்டார்கள். மாஸ்கோ தெருவில் நடந்தவரை வாஷிங்டன் வெள்ளை மாளிகையின் படிகளில் ஏற்றிவிட்ட வெட்டு வித்தையும் அவருடையதுதான். நிலவியலை எடிட்டிங் மேசையில் செய்யலாம் என்பதற்கு அது முதல் சான்று. இரண்டாவது பாதிக்குப் பெங்களூரைப் போலப் பொருத்தமான களம் இந்தியாவில் குறைவு. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கன்னட சினிமாவின் தொடக்கத்தில் கன்னட நிலமே கிடையாது. 1934இல் வெளிவந்த முதல் பேசும் படமான ‘சதி சுலோசனா’ கோலாப்பூரில் எடுக்கப்பட்டது. ராஜ்குமாரைக் கதாநாயகனாக அறிமுகப்படுத்திய ‘பேடர கண்ணப்பா’ (1954) சென்னையில் உருவானது. கண்ணப்ப நாயனார் கதை என்பதால் தமிழருக்கும் புதிதில்லை. அந்தக் காலத்துப் படங்களில் காடும் மலையும் பெரும்பாலும் திரைச்சீலையும் அட்டையும்தான். கம்பெனி நாடகத்திலிருந்து வந்த பார்வையாளருக்கு அது குறையாகத் தெரிந்திருக்காது. புராணம் நடக்கும் இடத்துக்கு முகவரி தேவையில்லை. 1960களின் பிற்பகுதியில் மாநில அரசு மானியம் தரத் தொடங்கியபோது படப்பிடிப்பு மெல்ல உள்ளூருக்கு நகர்ந்தது. 1970இல் பட்டாபிராம ரெட்டியின் ‘சம்ஸ்காரா’ மலைநாட்டு அக்ரகாரத்துக்கே கேமராவைக் கொண்டுபோனது. கேமராவைப் பிடித்தவர் டாம் கோவன் என்ற ஆஸ்திரேலியர். தணிக்கைக் குழு முதலில் அதைத் தடை செய்தது, பிறகு அதே படம் சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. யு.ஆர். அனந்தமூர்த்தியின் நாவல் அதற்கு ஐந்தாண்டு முன்பே அச்சில் இருந்தது. எழுத்தாக இருந்தபோது பொறுத்துக்கொண்ட ஒன்றைப் படமாக வந்தபோது அரசால் பொறுக்க முடியவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளலாம்.

பாறை கன்னடத் திரையில் தன் சொந்தப் பெயரோடு தோன்றியது 1972இன் இறுதியில், புட்டண்ண கணகாலின் ‘நாகரஹாவு’ படத்தில். த.ரா. சுப்பராவின் நாவல்களைத் தழுவிய இந்தப் படம் விஷ்ணுவர்தனைக் கதாநாயகனாக்கியது. கதை நடப்பது சித்ரதுர்காவில், படம் எடுக்கப்பட்டதும் அங்கேதான். நடுவில் ஒரு பாடல் வழியே ஒனகெ ஓபவ்வாவின் வரலாறு வருகிறது. 18ஆம் நூற்றாண்டில் ஹைதர் அலியின் படை கோட்டையை முற்றுகையிட்டபோது, பாறை இடுக்கு வழியே ஒருவர் பின் ஒருவராக நுழைந்த வீரர்களை உலக்கையால் அடித்துக் கொன்ற காவற்காரர் மனைவி அவர். வேடமேற்றவர் ஜெயந்தி.

இந்தக் காட்சிக்கு வலிமை தருவது அந்த இடுக்குதான். ஓர் ஆள் மட்டுமே நுழையக்கூடிய பிளவு, ஃபிரேமுக்குள் இன்னொரு ஃபிரேமாக அமைந்துவிடுகிறது. வெளியே எத்தனை ஆயிரம் பேர் நின்றாலும் பிளவுக்குள் ஒரு தலைதான் தெரியும். ஒரு பெண்ணும் ஒரு படையும் சமமாக மோதக்கூடிய இடம் அது ஒன்றே என்பதை வசனம் சொல்லத் தேவையில்லை. சித்ரதுர்கா வட்டாரத்தில் செவிவழியாக வாழ்ந்த ஒருத்திக்கு மாநிலம் முழுவதற்குமான முகம் இந்தப் படத்தில்தான் கிடைத்தது. 2021 முதல் கர்நாடக அரசு நவம்பர் 11ஐ ஓபவ்வா ஜெயந்தியாகக் கொண்டாடுகிறது. இன்று ஓபவ்வா என்றதும் கன்னடருக்கு நினைவில் வருவது ஜெயந்தியின் உருவம். வரலாற்று ஓபவ்வாவின் உருவப்படம் எதுவும் நம்மிடம் இல்லாததால், திரைப் படிமத்துக்குப் போட்டியே இல்லை. கட்டபொம்மன் என்றால் சிவாஜியைக் காணும் தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஓராண்டுகூட ஆகவில்லை. 1973 அக்டோபரில் ‘ஷோலே’ படத்துக்காக ரமேஷ் சிப்பியின் குழு ராமநகரத்தில் இறங்கியது.

இந்திக் கொள்ளையர் படங்களுக்கு அதுவரை சம்பல் பள்ளத்தாக்கின் மண்மேடுகளே வழக்கமான களம். கலை இயக்குநர் ராம் யேடேகர் காட்டிய ராமநகரக் குன்றுகள் வேறு சாயல் கொண்டவை. சலீம்–ஜாவேத் எழுதிய கதையில் ஹாலிவுட் கௌபாய் படங்களின் நிழல் இருந்தது, அந்த நிழல் விழ மண்ணைவிடப் பாறை வசதி. குன்றடியில் ‘ராம்கட்’ என்ற கிராமத்தையே கட்டி எழுப்பினார்கள். ரயில் கொள்ளைக் காட்சி பம்பாய்–புனே ரயில் பாதையில் பன்வேல் அருகே எடுக்கப்பட்டது. மகாராஷ்டிரத்தில் ஓடும் ரயிலும் கர்நாடகத்தில் நிற்கும் பாறையும் சேர்ந்து, எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு வட இந்தியா உருவானது. குலஷோவின் வித்தை 70 எம்.எம். அகலத்தில்.

அதில் பாறை வெறும் பின்னணி அன்று, அதிகாரத்தின் படிநிலை. கொள்ளைத் தலைவன் கப்பரின் இருப்பிடம் பாறைகளுக்கு நடுவே உயரத்தில், கிராமம் மறைவிடமற்ற சமதளத்தில். தோற்றுத் திரும்பிய மூன்று கூட்டாளிகள் கீழே நிற்க, கப்பர் பாறை மேல் நடக்கிறான். முதலில் அவன் காலணிகள் தெரிகின்றன, பெல்ட் கல்லில் உராயும் ஓசை கேட்கிறது, முகம் பிறகுதான் வருகிறது. அச்சத்தைக் கல்லும் உலோகமும் முன்கூட்டியே உண்டாக்கிவிடுவதால், கப்பராக நடித்த அம்ஜத் கானின் முகம் அதை அறுவடை செய்தால் போதும். இதற்கு மறுகோடியில், ஜெயா பாதுரி மாடியில் விளக்குகளை ஒவ்வொன்றாகத் தணிக்க, கீழே அமிதாப் மௌத் ஆர்கன் வாசிக்கும் அந்திக் காட்சி. ஒளிப்பதிவாளர் துவாரகா திவேச்சா அந்தியில் சற்று நேரமே நிற்கும் வெளிச்சத்துக்காகக் காத்திருந்ததால் சின்னஞ்சிறு காட்சிக்கு இருபது நாள் ஆனது என்பார்கள். அங்கே பாறை தெரிவதில்லை. இந்தப் படத்தில் மென்மை பாறையில்லாத இடத்தில்தான் நடக்கிறது.

ஃபிரேம் வெளியே விட்டதும் ஆய்வுக்குரியதே. ராமநகரம் பட்டு ஊர். பட்டுக்கூடு சந்தையும் மல்பெரித் தோட்டமும் கேழ்வரகு வயலும் கன்னடப் பேச்சும் ஊரின் அன்றாடம். ‘ஷோலே’யில் இவற்றின் சுவடே இல்லை, இருந்திருந்தால் ராம்கட் அக்கணமே கலைந்திருக்கும். மும்பையிலோ மதுரையிலோ பார்த்தவருக்கு அது முழுமையான உலகம். மைசூர்ச் சாலையில் பேருந்தில் போய்வந்த பெங்களூர்க்காரருக்கோ கப்பரின் தலைக்கு மேலே தெரிந்த குன்று பழகிய குன்று. கதையின் பிடி அவரிடம் சற்றே தளர்ந்திருக்கும், அல்லது தன் குன்றின் மேல் பெருமை கூடியிருக்கும். இரண்டும் நடந்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

வெட்டினால் பொருள் மாறும் என்பதற்கு அரசாங்கமே இதே படத்தில் ஒரு பாடம் நடத்தியது. முதல் வடிவத்தில், கப்பரால் கைகளை இழந்த தாக்கூர் ஆணி வைத்த காலணியால் கப்பரைக் கொல்கிறார். நெருக்கடி நிலைக் காலத் தணிக்கை அதை ஏற்கவில்லை. 1975 ஆகஸ்ட் 15இல் வெளியான வடிவத்தில் கடைசி நொடியில் போலீஸ் வந்து கப்பரைக் கொண்டுபோகிறது. அதே பாறை, அதே சண்டை. சில ஷாட்டுகள் மாறியதும் பழிவாங்கும் கதை சட்டத்தின் கதையாகிவிட்டது. பழைய முடிவோடு மீட்டெடுக்கப்பட்ட படம் 2025 ஜூனில் இத்தாலியின் பொலோன்யா விழாவில் திரையிடப்பட்டது. படம் வெளிவந்து ஐம்பது ஆண்டு கழித்து.

அடுத்து வந்தவர் ‘எ பாசேஜ் டு இந்தியா’ (1984) எடுத்த ஆங்கிலேய இயக்குநர் டேவிட் லீன். படத்துக்கு மூலமான ஈ.எம். ஃபார்ஸ்டரின் நாவலில் வரும் மராபார் குகைகளுக்கு முன்மாதிரி பீகாரின் பராபர் குன்றுகள். லீன் அவற்றை விட்டுவிட்டு ராமதேவர பெட்டாவையும் சாவனதுர்காவையும் தேர்ந்தார். குகை வாயில்கள் பாறையில் புதிதாக உண்டாக்கப்பட்டன. கதை நடக்கும் சந்திரபூர் ஊர் பெங்களூர் அரண்மனை வளாகத்தில் செட்டாக எழுந்தது.

குகைக்குள் ஆங்கிலப் பெண் அடெலாவுக்கு என்ன நேர்ந்தது என்பதை ஃபார்ஸ்டர் கடைசிவரை சொல்வதில்லை. லீனும் காட்டுவதில்லை, ஆனால் நாவலில் இல்லாத ஒரு காட்சியை முன்னதாக நுழைத்துவிடுகிறார். அடெலா தனியே சைக்கிளில் போய், பாழடைந்த கோயிலில் காமச் சிற்பங்களைக் காண்கிறாள், குரங்குகள் துரத்த ஓடிவருகிறாள். இதைப் பார்த்துவிட்டுக் குகைக்குள் நுழையும் பார்வையாளர் இருட்டில் காண்பது, ஃபார்ஸ்டர் திறந்தே விட்ட புதிரை அல்ல, அவளுடைய அடக்கிவைத்த ஆசையையும் அச்சத்தையும். குலஷோவின் சூப் கிண்ணம் இருந்த இடத்தில் இங்கே சிற்பம். படம் அழகானது, ஆனால் இந்த நுழைப்பு நாவலைச் சுருக்கிவிட்டது என்பது என் கருத்து. காலனியப் பார்வைக்கு இந்தியாவின் கல் எப்போதும் ஒன்று மிரட்ட வேண்டும், இல்லையேல் மயக்க வேண்டும். சித்ரதுர்காவில் ஊரைக் காத்த கல்லுக்கு இங்கே அந்த வேலை இல்லை.

இனி பார்வையாளர் பக்கம். 1960களில் கன்னட எழுத்தாளர்களும் திரைத்துறையினரும் டப்பிங்குக்கு எதிராகக் கிளர்ந்ததன் விளைவாக, பிறமொழிப் படங்களைக் கன்னடத்தில் டப் செய்வதில்லை என்ற எழுதாத விதி பல பத்தாண்டுகள் நிலவியது. 2015இல் போட்டி ஆணையம் அதைத் தவறென்று சொன்ன பிறகே பிடி தளர்ந்தது. அதுவரை பெங்களூரில் இந்திப் படம் இந்தியில், தமிழ்ப் படம் தமிழில். கெம்பேகௌடா சாலையில் அடுத்தடுத்த அரங்குகளில் வெவ்வேறு மொழிகள் ஓடின. மொழி அரைகுறையாகத் தெரிந்த நிலையில் படம் பார்க்கிற பழக்கம் இந்த நகரத்தில் இரண்டு மூன்று தலைமுறைக்கு வாய்த்தது. அப்படிப் பார்ப்பவர் வசனத்தின் மேல் சாய முடியாது, கண்ணால்தான் கதையைப் பிடிக்க வேண்டும். தமிழ் சினிமாவில் பேச்சும் பாட்டும் காட்சியை அமுக்கிவிட்டன என்று திரைப்பட வரலாற்றாளர் சு. தியடோர் பாஸ்கரன் நெடுநாளாகச் சொல்லிவருகிறார். அதே தமிழ்ப் படத்தை மொழி பாதி புரிந்து பார்த்த பெங்களூர் ரசிகர் அதில் வேறொரு படத்தைப் பார்த்திருக்கக்கூடும்.

நகரம் மென்பொருளில் பெருத்த பிறகு கன்னடத் திரை பாறையை விட்டு மழைக்குப் போனது. யோகராஜ் பட்டின் ‘முங்காரு மளெ’ (2006) ஜோக் அருவியையும் குடகின் பச்சையையும் காட்டி, பெங்களூர் மல்டிபிளெக்ஸில் ஓராண்டுக்கும் மேல் ஓடியது. அந்தப் பச்சை வார இறுதிக்கு வெளியே போக ஏங்கும் நகரவாசியின் பச்சை. கன்னட சினிமா பழைய மைசூர் சமஸ்தானத்து மக்களையே முதன்மையாக விளித்துவந்தது என்ற எம்.கே. ராகவேந்திராவின் ஆய்வை இங்கே பொருத்திப் பார்க்கலாம். அந்த விளிப்பு கலைந்து, நகரவாசியை நோக்கித் திரும்பிய தருணங்களில் இது ஒன்று.

மூன்றாவது நிலம் தமிழருக்கு நெருக்கமானது. கோலார் தங்கவயலில் 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கம் நடத்தியது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. ஆழத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வடார்க்காடு முதலான மாவட்டங்களிலிருந்து போன தலித் தமிழர்கள். அயோத்திதாசர் சென்னையில் நடத்திய ‘தமிழன்’ இதழ் 1920களில் அங்கிருந்து மறுபடி வெளிவந்தது. பௌத்த சங்கமும் தொழிற்சங்கமும் வலுவாக வேரூன்றிய ஊர். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. சயனைடு முறையில் பொன் பிரித்தபின் கொட்டிய கழிவு, சாம்பல்நிற மலைகளாக மிஞ்சியது.

அந்த மலைகளில்தான் பிரசாந்த் நீல் ‘கே.ஜி.எஃப்’ (2018) படத்தின் நராச்சி சுரங்கத்தை எழுப்பினார். புவன் கௌடாவின் ஒளிப்பதிவில் கரியும் புழுதியும் நெருப்பும் தவிர வேறு நிறம் அரிது. உழைப்பவர்கள் பெயரற்ற அடிமைக் கூட்டம், அவர்களை மீட்க வெளியிலிருந்து ஒருவன் வருகிறான். கற்பனை என்று படமே அறிவிக்கும்போது வரலாற்றுப் பிழை தேடுவது வீண்வேலை. எனக்கு உறுத்துவது வேறு. தலைப்பில் இருப்பது உண்மை ஊரின் பெயர், திரையில் இருப்பது உண்மைக் கழிவு மலை. இவ்விரண்டும் கற்பனைக்குச் சாட்சி சொல்கின்றன. சங்கம் வைத்து, பத்திரிகை நடத்திய தொழிலாளி அந்தச் சாட்சியத்தில் காணாமல்போகிறார். நாடெங்கும் பல மொழிகளில் படம் ஓடியதால், தங்கவயலைக் கேள்விப்பட்டிராத கோடிக்கணக்கானோருக்கு அதன் முதல் உருவம் இதுதான்.

ஆறு ஆண்டு கழித்து பா. ரஞ்சித்தின் ‘தங்கலான்’ (2024) அதே பொன்னுக்கு 19ஆம் நூற்றாண்டு நடுவிலிருந்து இன்னொரு தொடக்கம் சொன்னது. இங்கே தோண்டுகிறவனுக்குப் பெயர் உண்டு, வடார்க்காட்டுப் பேச்சு உண்டு, நிலத்தின் மேல் ஓர் உரிமைக் கதையும் உண்டு. பௌத்தச் சின்னங்களும் ஆரத்தி என்ற மாயப் பெண்ணும் சேர்ந்து தொன்மம் தடித்துவிடுவதால், சுரங்கத் தொழில் என்ற அன்றாடம் இதிலும் பின்னுக்குப் போகிறது. ஒரு படம் அந்த நிலத்துக்கு மீட்பரைக் கொடுத்தது, மற்றது மூதாதையரைக் கொடுத்தது. சுரங்கம் மூடிய பின் மாரிகுப்பத்தில் விடியலில் ரயில் ஏறி, பெங்களூரில் வேலை பார்த்து, இரவில் வீடு திரும்பும் தங்கவயல் தமிழரை இரண்டு படங்களும் எட்டவில்லை. இரண்டையும் மொழிபெயர்ப்பின் துணையில்லாமலே பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடிய பார்வையாளர் அவர். அவரிடம் போய் இந்த இரண்டு தங்கவயல்களைப் பற்றிக் கேட்டு எழுதும் கள ஆய்வுதான் இத்துறையில் அடுத்து நடக்க வேண்டியது.